தொடக்கப்பள்ளியில் புவியியல்: தஞ்சை கற்பிக்கும் பாடம்

சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் போதாவோ, புவியியல் எதற்கு என வினவுவோர் உளர். காஞ்சிபுரத்தை அடுத்துப் பாலாற்றங்கரையில் உள்ள ஓரிக்கையில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு நாம் சென்றிருந்தபோது, இவ்வினாவைக் குறித்துச் சிந்திக்க நேர்ந்தது. கண்டங்களின் பெயர்களைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவித்தனர். அவர்களுள் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். தறியில் ஏறும் பட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். "சொசைட்டியிலிருந்து" என்றாள் ஒரு சிறுமி. அதற்கு அப்பால் வகுப்பில் எவரும் விடை கூறவில்லை.

இக்குறை நீங்கும் வழியை நமது திருச்சபையின் வரலாற்றிலேயே காணலாம். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றோருள் இருவர் இங்குக் கருதத்தக்கவர். ஒருவர், பின்னர் மன்னரான இரண்டாம் சரபோஜி. மற்றவர், 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார். சாஸ்திரியார் 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் உலக நாடுகளும் வானநூற் செய்திகளும் பாட்டாக அமைந்துள்ளன. சரபோஜி மராத்தியில் இயற்றிய தேவேந்திர குறவஞ்சியிலோ உலகப் புவியியலே பாடுபொருளாகும்.

மலைவளமும் நாட்டுவளமும் பாடுதல் குறத்திக்கு மரபுரிமை. மக்கள் நன்கறிந்த அம்மரபைக் கொண்டே, அவர்கள் அறியாத உலகை இவ்விருவரும் காட்டினர். அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்லும் இம்முறையே நாம் கற்கத்தக்கது.

சரபோஜி மறைந்த 1832ஆம் ஆண்டிலேயே, பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ் ஐயரின் 'பூமிசாஸ்திரம்' அச்சேறியது. தமிழ் உரைநடையில் புவியியல் நூல் வந்தது நன்றே. ஆயினும், நூலிலுள்ள பெயர்களை மனனம் செய்வதே புவியியல் எனப் பின்வந்த ஆசிரியராகிய நாம் கருதிவிட்டோம்.

ஓரிக்கைச் சிறுமிக்கு நன்கறிந்த பொருள் எது? அவள் வீட்டுத் தறியே. பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. அங்கே மல்பெரி இலையை உண்டு வளரும் புழுவின் கூட்டிலிருந்து அது எடுக்கப்படுகிறது. சரிகைக்குப் பெயர்பெற்ற ஊர் குஜராத்தின் சூரத். அவள் ஊர்ப் பாலாறும் கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் வழிநடந்து வங்கக்கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அவள் காண்பது மணலே. மேல்நாட்டு மழைக்கும், இடையிலுள்ள அணைகளுக்கும், தன் ஊர்க் கிணற்றுக்கும் தொடர்புண்டு என்பதை அவள் அறிய வேண்டாமோ?

புவியியல் அயலாரை அறியும் கல்வியாகும். பட்டுப்புழு வளர்க்கும் குடும்பத்தையும், சரிகை இழுக்கும் தொழிலாளியையும் அறிந்த பிள்ளை, தன் பெற்றோரின் உழைப்பு எத்தனை பேரின் உழைப்போடு பின்னப்பட்டுள்ளது என்பதை உணரும். நல்ல சமாரியனின் உவமையை விளக்கும்போது எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியைப் படத்தில் காட்டுகிறோம். அவ்வாறே, சூரத்திலிருந்து ஓரிக்கைத் தறிக்கு வரும் வழியையும் நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாக.