நீலியின் கண்ணீர்

மனிதர் கண்ணுக்குத் தோன்றியும் மறைந்தும் உலவும் அணங்குகளைப் பற்றிய நம்பிக்கை எந்நாட்டிலும் உண்டு. அயர்லாந்து மக்கள், செருப்புத் தைக்கும் குள்ளனாகிய லெப்ரகானையும், குடும்பத்தில் சாவு நேருமுன் இரவில் அழும் பான்ஷீ என்னும் அணங்கையும் கண்டதாகக் கதைகள் கூறினர். அத்தகைய கதைகளைக் கவிஞர் யேட்ஸ் தொகுத்து 1888-இல் நூலாக்கினார்.

தொண்டை நாடும் இதில் வறிதன்று. திருமழிசையாழ்வாரை ஈன்ற கனகாங்கி வானுலக மங்கை என்பது வைணவ மரபு. திருமழிசை அமைந்த திருவள்ளூர் மாவட்டத்திலேயே, திருவாலங்காட்டை அடுத்த பழையனூர், நீலி கதைக்குக் களமாயிற்று.

கதை வடிவங்கள் பலவாயினும் கரு ஒன்றே. கணவனால் கொலையுண்ட பெண் பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாய் வந்த அவனைத் தொடர்ந்து, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனே தன் கணவன் என்று ஊரவை முன் அழுகிறாள். 'இவள் என் மனைவியல்லள். பேய்' என்கிறான் வணிகன். வேளாளர் எழுபதின்மர் அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணை வைத்து, அவளோடு தங்கச் செய்கின்றனர். பொழுது விடிகையில் அவன் பிணமாய்க் கிடக்கிறான். சொல் தவறாத எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர்.

7-ஆம் நூற்றாண்டிலேயே ஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகம் இந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறது. உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணம் வேளாளரின் வாய்மையைப் போற்றுகிறது. சமணரோ அவளுக்கு வேறொரு வாழ்வு தந்தனர். நீலகேசிக் காப்பியத்தில், முனிவரை அச்சுறுத்தச் சென்ற பழையனூர் நீலி, அவரிடமே அறங்கேட்டுத் தெளிந்து, பிற சமயத்தாரை வாதில் வெல்லும் அறிவுச்செல்வியாகிறாள். மக்கள் வழக்கில் எஞ்சியதோ 'நீலிக் கண்ணீர்' என்னும் பழிச்சொல்லே. அவள் பொய்யழுகை நினைவில் நின்றது. அவள் கொலையுண்டது மறந்துபோயிற்று.

இத்தகைய நம்பிக்கை கதையளவில் நிற்பதன்று. 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரரிப் பகுதியில், பிரிட்ஜெட் கிளியரி என்னும் இளம்பெண்ணை அவள் கணவனே தீக்கிரையாக்கினான். 'இவள் என் மனைவியல்லள். அணங்குகள் மாற்றி வைத்த உரு' என்பதே அவன் கூற்று. பழையனூர் வணிகனின் சொல்லும் இதுவன்றோ! நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுத் தண்டனை விதித்தது. ஆயினும், அவளை வதைத்தபோது சூழ்ந்திருந்த உறவினரும் அயலாரும் அவளைக் காக்கவில்லை.

பழையனூரார் ஏமாந்தவர் என்பது உண்மையே. எனினும், 'பேய்' என்று ஓர் ஆண்மகன் சொன்ன மாத்திரத்தில் ஒரு பெண்ணை அவர்கள் கைவிட்டாரல்லர். அழுதவளின் சொல்லுக்குச் செவிசாய்த்தனர். பிழைபட்ட தீர்ப்புக்கும் தம் உயிரையே விலையாகத் தந்தனர். நீலி கதையில் நாம் போற்றிக் காக்கத்தக்கது அந்த அவையின் அறமே ஆகும்.