தோலின் நிறமும் ஒரு மாணவியின் கமராவும்

வர்ணப் புகைப்படத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே வரிசைப்படுத்துவர். 1861 இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் மூன்று வர்ணங்களைக் கொண்டு ஒரு படத்தைத் திரையிற் காட்டினார். 1907 இல் லூமியேர் சகோதரர்களின் ஓட்டோகுறோம் தகடுகள் விற்பனைக்கு வந்தன. 1935 இல் கொடாக்குறோம் வெளியானது. ஆனால் அந்த வர்ணங்கள் யாருடைய முகத்தை வைத்து அளக்கப்பட்டன என்ற கேள்வி நெடுங்காலம் எழுப்பப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், படம் கழுவும் நிலையங்களுக்குக் கொடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளையினப் பெண். 'ஷேர்லி அட்டை' என அது அழைக்கப்பட்டது. அவரது தோல் சரியாகத் தெரிந்தால் வர்ணமும் சரி. கறுத்த முகங்களோ இருளில் அமிழ்ந்தன. கனடிய ஆய்வாளர் லோர்ணா றொத் இதை விரிவாக ஆராய்ந்துள்ளார். பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரிவதில்லை என்று தளபாடம், சொக்லேட் உற்பத்தியாளர்கள் முறையிட்டமையும் திருத்தங்களுக்குக் காரணமானது என்பது அவர் தரும் தகவல். மனித முகத்துக்குக் கிட்டாத கவனம் மரத்துக்கும் சொக்லேட்டுக்கும் கிட்டியிருக்கிறது!

தென்னாபிரிக்காவில் நிலைமை இன்னும் கொடியது. கறுப்பின மக்கள் சுமக்க நிர்ப்பந்திக்கப்பட்ட அடையாளப் புத்தகங்களுக்குப் பொலரோயிட் படங்கள் பயன்பட்டன. 1970 இல் அந்நிறுவனத்தின் ஊழியர்களான கரோலைன் ஹன்டர், கென் வில்லியம்ஸ் ஆகியோர் இதனை எதிர்த்துப் போராட்டம் தொடங்கினர். 1977 இல் பொலரோயிட் அந்நாட்டிலிருந்து விலகியது.

இந்தப் பின்னணியிலேயே 2012 இல் தொடங்கிய 'ஹியூமனே' என்ற செயற்றிட்டத்தைப் பார்க்க வேண்டும். பிறேசிலில் பிறந்த அஞ்சலிக்கா டாஸ், ஸ்பெயினில் புகைப்படக்கலை மாணவியாக இருந்தபோது இதனை ஆரம்பித்தார். ஒருவரைப் படமெடுத்து, அவரது மூக்கிலிருந்து 11க்கு 11 படப்புள்ளிகளை எடுத்து, அதே வர்ணத்தைப் பின்னணியில் நிரப்பி, அச்சுத்துறையினர் கையாளும் பன்ரோன் இலக்கத்தைக் கீழே பொறித்தார். வணிகச் சின்னங்களின் நிறத்தை நிர்ணயிக்கும் அதே இலக்கங்கள்தாம் இவை. நாலாயிரத்துக்கும் அதிகமான முகங்கள் இவ்வாறு பதிவாகின. அவற்றில் முழு வெள்ளையும் இல்லை. முழுக் கறுப்பும் இல்லை. மனிதரை இனமாக வகுத்த சொற்கள் அந்த வரிசையின் முன் பொருளிழக்கின்றன.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஆறுதற்பட முடியாது. நமது பத்திரிகைகளின் மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்ற சொற்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நமது ஸ்ரூடியோக்களிலும் பெண் பார்க்க அனுப்பும் படத்தின் முகம் வெளுப்பாக்கப்பட்டது. இன்று அந்த வேலையைக் கைத்தொலைபேசியே செய்துவிடுகிறது. முகநூலில் தம்மை அறிமுகப்படுத்தும் இளையோர், படத்தை ஏற்றுமுன் தம் நிறத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். ஷேர்லி அட்டையை நமக்கு எவரும் இப்போது அனுப்புவதில்லை. அதை நாமே மனதில் வைத்திருக்கிறோம்.