பர்கண்டி அரசவையும் சித்திர நெசவுத் திரைகளும்

டாப்பெஸ்ட்ரி எனப்படும் சித்திர நெசவுத் திரைகளை இன்று நாம் அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களாகவே காண்கிறோம். ஆனால், 15ஆம் நூற்றாண்டில் அவற்றை நெய்வித்த ஐரோப்பியப் பிரபுக்கள் அவற்றைச் செல்வமாகவும் அதிகாரத்தின் அடையாளமாகவும் கருதினர். பர்கண்டிக் கோமகன்களின் திரைகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்க முற்படுகிறது.

இத்திரைகளின் விலையுயர்வுக்கு நெசவு முறையே முதற்காரணம் எனலாம். சித்திரம் துணியின்மேல் தைக்கப்படுவதன்று. ஒவ்வொரு வண்ண ஊடையும் தனக்குரிய இடத்தில் மட்டும் கையால் கோக்கப்பட்டுப் பாவினை முற்றும் மறைக்கும். துணியே சித்திரமாகிறது. நெசவாளர் பலர் ஒரே தறியில் அமர்ந்து நெய்தாலும் ஒரு பெருந்திரை முடியப் பல மாதங்கள் ஆகும். கம்பளி நூலுடன் பட்டும் பொற்சரிகையும் சேரும்போது விலை பன்மடங்கு உயரும்.

நல்லவர் என்னும் சிறப்புப் பெயர் பெற்ற கோமகன் பிலிப், 1430இல் 'பொற்கம்பளி' என்னும் வீரர் குழுவை நிறுவினார். விவிலியத்தில் ஆட்டுக் கம்பளியில் இறையருளின் அடையாளத்தைக் கண்ட கிதியோன், அக்குழு போற்றிய வீரன் ஆவான். அவன் வரலாற்றை எட்டுத் திரைகளாக நெய்து தருமாறு 1449இல் துர்னே நகரத்தாருடன் பிலிப் ஒப்பந்தம் செய்தார். விலை 8,960 பொற்காசுகள். நெசவுக்குரிய மூல வரைவுகளையும் அவர் தம் உடைமையாக்கிக் கொண்டார். பிறர் அதே திரையை நெய்வித்துக்கொள்ள இயலாமையே உடையவரின் பெருமை என்பது இதனால் புலனாகும்.

பர்கண்டி அரசவை நகர்தோறும் இடம்பெயர்வது. மாளிகையைச் சுமந்து செல்ல இயலாது. திரையைச் சுருட்டி எடுத்துச் செல்லலாம். அது தொங்கும் கூடமெல்லாம் கோமகனின் கூடமாகும். எனினும், சுமந்து செல்லத்தக்கது கவர்ந்து செல்லவும் தக்கதே. பிலிப் 1466இல் வாங்கிய, பர்கண்டிச் சின்னம் பொறித்த மலர்த்திரை ஒன்று, அவர் மகன் சார்லஸ் 1476இல் கிராண்சோன் போரில் தோற்றபோது சுவிட்சர்லாந்துப் படையினர் வசமாயிற்று. இன்று அது பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

சரிகையின் பொன்னும் இத்தகைய இருமுனைத் தன்மை உடையதே. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின், 1797இல், பிரெஞ்சு அரச சேகரிப்பைச் சேர்ந்த சரிகைத் திரைகள் பல பொன்னுக்காகவும் வெள்ளிக்காகவும் எரிக்கப்பட்டன. விலை குறைந்த கம்பளித் திரைகளுக்கு அத்தகைய ஆபத்து இல்லை.

ஆகவே, இன்று எஞ்சியுள்ள திரைகளை மட்டும் கொண்டு அக்காலச் செல்வத்தை அளவிடுதல் பொருந்தாது. உயர்குடிப் பெருமைக்குக் காரணமாக இருந்த பொன்னே அத்திரைகளின் அழிவுக்கும் காரணமாயிற்று என்பது ஆய்வாளர் மனங்கொள்ளத் தக்கது.