ஆனைமலைத் தேக்கும் இருவாட்சியும்

எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து தெற்கே நோக்குவார்க்கு ஆனைமலைத் தொடர் நீலத் திரையெனத் தோன்றும். பனையும் கருமண்ணும் நிறைந்த இவ்வெல்லைப்புறம் மழை குறைந்தது. அம்மலையில் பிறக்கும் ஆழியாற்றின் நீரை 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மூலத்தறையில் பெற்றே சித்தூர் வட்டத்து உழவர் வாழ்கின்றனர். ஆகவே மலைக்காட்டின் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்காட்டின்மேல் ஆங்கிலேயர் கண் விழுந்தது. பம்பாய்க் கப்பல் தளத்திற்குத் தேக்கு வேண்டியிருந்தது. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. மேற்கே பறம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்கக் கொச்சி அரசு அமைத்த டிராம் பாதை 1907 முதல் 1963 வரை ஓடியது. யானைகள் இழுத்தன, இருப்புப்பாதை சுமந்தது, காடு குறைந்தது.

இந்நிலையில் 1915ஆம் ஆண்டளவில் வந்த ஹியூகோ வுட் என்னும் வன அலுவலரை நன்றியுடன் நினைத்தல் வேண்டும். கைத்தடியால் நிலத்தில் குழியிட்டுத் தேக்கு விதைகளை ஊன்றிக்கொண்டே நடந்தவர் என்று இன்றும் அவரைச் சொல்லுவர். 1933இல் மறைந்த அவரது கல்லறை டாப்சிலிப் அருகே அவர் வளர்த்த தேக்குகளின் நடுவில் உள்ளது. மொட்டையான மலை அவரால் மீண்டும் பசுமையுற்றது. எனினும், மரம் திரும்பியது போலக் காடும் திரும்பியதா?

இதற்கு விடை கூறவல்லது இருவாட்சிப் பறவை. பெரிய இருவாட்சி, முதிர்ந்த பெருமரத்தின் இயற்கைப் பொந்தில்தான் முட்டையிடும். பெண்பறவை உள்ளே புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். திங்கள் மூன்றுக்கு மேல் அது சிறையிருக்க, ஆண்பறவை பழம் கொணர்ந்து அப்பிளவு வழியே ஊட்டும். அப்பழங்களுள் தலையாயவை அத்தி இனத்தவை. அத்தியோ கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு குளவி உட்புகுந்து மகரந்தம் சேர்த்தாலன்றி விதை கொள்ளாது. அக்குளவிக்கும் அத்திக்காயன்றி வேறு பிறப்பிடம் இல்லை. விழுங்கிய விதைகளை இருவாட்சி தொலைவிற் கொண்டுபோய் உதிர்க்க, அங்கே புதுமரம் எழும். குளவி, அத்தி, பறவை, பொந்துடைய கிழமரம் ஆகிய இவற்றுள் ஒன்று போயினும் ஏனைய தளரும் அன்றோ?

தேக்குத் தோட்டத்தில் இச்சங்கிலி அறுந்தது. தேக்கின் உலர்ந்த காய் இருவாட்சிக்கு உணவாகாது. நெடுமரத்தைத் தழுவிக் கெடுக்கும் என்று அத்தியைக் களைந்தனர். பொந்து விழும் வயதுக்கு முன்னரே மரத்தை வெட்டினர். மரக்கணக்கு எழுதுவோர்க்கு இவை குறையாகத் தோன்றா. காட்டெருமையும் யானையும் அங்கு மேயக் காண்கிறோம் என்பது உண்மையே. ஆயினும் மேய்ச்சல் வேறு, குடியிருப்பு வேறு.

ஓரிடத்தின் விலங்கு, மரம், பறவை, உணவு, தொழில் யாவற்றையும் கருப்பொருள் என ஒரே தொகுதியாக வைத்தார் தொல்காப்பியர். அவர் நோக்கம் செய்யுளிலக்கணமே. சூழலியல் நூல் அவர் எழுதவில்லை. தமிழில் எல்லாம் முன்பே உண்டு என்று நாம் முழங்க வேண்டுவதும் இல்லை. ஆயினும் மரத்தை மட்டும் தனியே பிரித்தெண்ணும் வழக்கம் அவரிடம் இல்லை.

பறம்பிக்குளம் 1973இல் காட்டுயிர்ச் சரணாலயமாயிற்று. 2010இல் புலிகள் காப்பகமாயிற்று. டிராம் பாதைக்கும் கோடரிக்கும் தப்பிய கன்னிமாராத் தேக்கு அங்கே இன்னும் நிற்கிறது. அதற்கு மேற்கே வாழச்சால் காடுகளில் வாழும் காடர் குலத்தார், முன்னாளில் இருவாட்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்தவர்கள். 2000களின் நடுப்பகுதியிலிருந்து கேரள வனத்துறையுடன் சேர்ந்து கூடுகளைக் காத்து வருகின்றனர். எம்மரத்தில் பொந்துண்டு என்பது அவர்க்கு மனப்பாடம். பெண்பறவை வாயிலடைக்கும் நாள்முதல் குஞ்சு வெளிப்படும் நாள்வரை அம்மரத்தைக் கண்காணித்துக் குறித்து வருகின்றனர்.