ஈரத்தில் பிறந்தது

இத்தாலியின் பொலோன்யா நகரில் 1786-ல் ஒரு செத்த தவளை உதைத்தது. உடற்கூறு பேராசிரியர் லூயிஜி கால்வானி, தோலுரித்த தவளைக் கால்களைப் பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்பு அழியில் தொங்கவிட்டிருந்தார். மின்னல் வெட்டினால் கால் துடிக்குமா என்று பார்ப்பதுதான் திட்டம். வானம் தெளிந்திருந்த ஒரு நாளில், காத்துக் காத்துச் சலித்துப்போய், கொக்கியை அழியோடு சேர்த்து அழுத்தினார். மின்னலே இல்லை. கால் துள்ளியது.

விலங்கின் உடம்பிலேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-ல் அவர் எழுதி வெளியிட்டார். அன்று முதல் ஐரோப்பாவில் தவளைகளுக்குக் கெட்ட காலம். பாவியா பல்கலைக்கழகத்தின் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டாவும் முதலில் நம்பியவர்தான். பிறகு அவருக்கு ஒன்று உறுத்தியது: கொக்கி பித்தளை, அழி இரும்பு. இரண்டு உலோகம் எதற்கு? தவளையை ஓரமாக வைத்துவிட்டுத் தன் நாக்கையே நீட்டினார். நுனியில் வெள்ளீயத் தகடு, உள்ளே தள்ளி ஒரு வெள்ளிக் காசு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டதும் நாக்கில் புளிப்பு ஏறியது. தவளைக் காலுக்கும் மனித நாக்குக்கும் பொதுவானது என்ன? ஈரம்!

வாதம் வருடக்கணக்கில் நீண்டது. உலோகமே தொடாமல் கால் துடிப்பதையும் கால்வானி தரப்பு காட்டியது. நரம்புகளில் மின்சாரம் இருப்பது உண்மைதான். அந்த வகையில் இருவருமே பாதி சரி. ஆனால் நெப்போலியன் படைகள் அமைத்த புதிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க கால்வானி மறுத்தார். வேலை போனது. 1798 டிசம்பரில் அவர் கண்ணை மூடினார். வோல்டாவின் மேசையில் அப்போது வட்ட வட்டமாகத் தகடுகள் சேர்ந்துகொண்டிருந்தன.

ஒரு ஜோடித் தகடு தரும் விசை அற்பம். ஜோடிகளை அடுக்கிக்கொண்டே போனால்? வெள்ளி, துத்தநாகம், உப்புநீரில் நனைத்த அட்டை. மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை. இப்படி முப்பது, நாற்பது, அறுபது என்று தூண் எழும்பியது. மின்திருக்கையின் உடம்பிலும் இப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கிறது என்பதை வோல்டா கவனித்திருந்தார். தூணின் இரண்டு முனைகளிலும் கை வைத்தால் சுரீரென்றது. கையை எடுத்து மறுபடி வைத்தால் மறுபடியும் சுரீர். அதுவரை மின்சாரத்தைச் சேமிக்க இருந்த லெய்டன் ஜாடி ஒரே பொறியில் காலியாகிவிடும்; இது காலியாகவில்லை. மின்சாரம் முதல் தடவையாக ஓடை மாதிரி ஓடியது. 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். போர்க்காலம், கடிதத்தின் முதல் பாதிதான் முன்னால் போய்ச் சேர்ந்தது. அதைப் படித்த இருவர் தாங்களே ஒரு தூண் கட்டி, கடிதம் அச்சேறுமுன்பே தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டார்கள். ஆனால் தூணுக்குள் ஒரு நோய் இருந்தது.

ஓட ஓட அது சோர்ந்துபோகும். அதில் மாட்டிக்கொண்டவர் ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர், பூட்டுத் தொழிலாளியின் மகன், கேயார்க் ஓம். கம்பி நீண்டால் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என்று அளக்கப் புறப்பட்டார். அளக்கும்போதே தூண் தளர்ந்துகொண்டு வந்தது. 1825-ல் அவர் வெளியிட்ட சூத்திரம் தவறாகிப்போனது. தூணை விட்டுவிடுங்கள், வெப்ப இணையைப் பாருங்கள் என்றார் பத்திரிகை ஆசிரியர் போகெண்டார்ஃப். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இடங்களில், ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். விசை ஆடாமல் அசையாமல் நின்றது. எட்டுச் செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து அளந்தார். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் கூடும். தடை கூடினால் குறையும். இவ்வளவுதான். 1827-ல் புத்தகமாக வந்ததைச் சொந்த நாட்டில் அதிகம் பேர் மதிக்கவில்லை. மனம் வெறுத்து வேலையை விட்டார். 1841-ல் லண்டன் பதக்கம் கொடுத்தபிறகுதான் உள்ளூரும் திரும்பிப் பார்த்தது. இன்று பரீட்சையில் அவர் சில மதிப்பெண். தூணின் நோய்க்கு மருந்து தேடுவதும் நடந்துகொண்டிருந்தது.

1866-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் லெக்லான்ஷே ஒரு கண்ணாடிக் குடுவையில் நவச்சாரக் கரைசலை ஊற்றினார். ஒரு பக்கம் துத்தநாகக் குச்சி. மறுபக்கம் மாங்கனீசு டையாக்சைடுப் பொடிக்கு நடுவே கரிக்குச்சி. விட்டு விட்டு வேலை செய்யும் தந்திக்கும் அழைப்பு மணிக்கும் அது அருமையாக உழைத்தது. சாய்த்தால் மட்டும் கொட்டிவிடும்! குடுவையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யார் நடப்பது?

அந்தக் கரைசலைப் பாரிஸ் சாந்தில் குழைத்தவர் கார்ல் காஸ்னர் என்ற ஜெர்மன் மருத்துவர். துத்தநாகத்தைக் குச்சியாக நிறுத்தாமல் டப்பாவாகவே வளைத்தார். பாத்திரமும் அதுவே, எதிர்முனையும் அதுவே. 1886-ல் காப்புரிமை பெற்றார். இதைத்தான் பாடப்புத்தகம் உலர் மின்கலம் என்கிறது. உள்ளே ஈரப்பசை இல்லாவிட்டால் அது செத்த கலம், பெயரில்தான் உலர்வு. 1899-ல் நியூயார்க்கில் இதை ஒரு குழாயில் போட்டு, முனையில் பல்பு வைத்துப் போலீஸ்காரர்களுக்குக் கொடுத்தார்கள். தொடர்ந்து எரிய வலு போதாததால் பளிச் பளிச்சென்று மட்டும் காட்ட முடிந்தது. அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு ஃபிளாஷ்லைட் என்று பெயர்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட நாள். கருங்கல் ஊர்ப் பக்கமெல்லாம் ரப்பரும் தென்னையும் வாழையும் விழுந்து, மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. இருட்டியதும் அலமாரி மேலிருந்த டார்ச் லைட் இறங்கியது. பொத்தானைத் தள்ளினால் எரியவில்லை. பின்மூடியைத் திருகிக் கழற்றினால், ஸ்பிரிங்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உள்ளே பழைய பேட்டரிக் கட்டைகள் இரண்டு. துத்தநாகத் தோலை அரித்துக்கொண்டு ஈரம் வெளியே வந்திருந்தது. வோல்டாவின் தூண், லெக்லான்ஷேயின் நவச்சாரம், காஸ்னரின் டப்பா எல்லாம் சேர்ந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டியது.

தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தை வைத்து ஸ்பிரிங்கைச் சுரண்டினோம். அப்பூப்பனின், அதாவது தாத்தாவின், ரேடியோவிலிருந்து இரண்டு கட்டைகளை உருவிப் போட்டோம். அப்போதும் இருட்டு. அவசரத்தில் ஒன்று தலைகீழாகப் போயிருந்தது. ஒன்றரை வோல்ட்டும் ஒன்றரை வோல்ட்டும் முட்டிக்கொண்டு மிச்சம் பூஜ்யம். திருப்பிப் போட்டு, மூடியை இறுக்கிப் பொத்தானைத் தள்ளியதும் மூன்று வோல்ட் சுற்றி வந்தது. வெளிச்சம் முற்றத்தில் விழுந்தது. மின்கம்பியைக் கட்டிப்பிடித்தபடி அயினி மரம் கிடந்தது.