சாலை விரிவாக்கமா, ரயில் - பேருந்து விரிவாக்கமா? திருவனந்தபுரம் - பாறசாலை வழித்தட நெரிசல்: ஒரு விளக்கம்

பாறசாலை: கேரளத்தின் தென்கோடி எல்லைப் பகுதிகளான அம்பூரி, வெள்ளறடை, பாறசாலை ஆகிய இடங்களிலிருந்து வேலைக்கும் கல்விக்கும் திருவனந்தபுரம் செல்வோரில் பலர் கரமனை - களியக்காவிளை சாலையையே நம்பியுள்ளனர். இதன் நெரிசலுக்குச் சாலை விரிவாக்கம் தீர்வா, பொதுப் போக்குவரத்து விரிவாக்கம் தீர்வா என்ற விவாதம் நீண்ட காலமாக நீடிக்கிறது.

சாலைப் பணிகளின் நிலை

பழைய தேசிய நெடுஞ்சாலை 47-இன் பகுதியான இச்சாலையை 30.2 மீட்டர் அகலத்தில் நான்கு வழிச்சாலையாக்கும் திட்டம் கட்டங்களாக நிறைவேற்றப்பட்டு வருகிறது. கரமனையிலிருந்து பிராவச்சம்பலம் வழியாக, பாலராமபுரத்துக்கு முன்புள்ள கொடிநடை வரை முதலில் விரிவாக்கப்பட்டது. அடுத்துள்ள பாலராமபுரம், புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். சாலையை ஒட்டிக் கடைகள் நெருங்கி நிற்பதால் இங்கு நிலம் கையகப்படுத்துவது எளிதன்று. அகலமான சாலை குறுகிய சந்திப்பில் சென்று முடிந்தால் நெரிசல் தீராது, இடம் மாறும்.

இதற்கு இணையாக, கழக்கூட்டம் - காரோடு புறவழிச்சாலை சுமார் 43 கி.மீ. நீளத்துக்கு அமைக்கப்பட்டது. 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் இதன் அருகே உள்ளது. தொலைதூர வாகனங்களை ஊர்களுக்குள் நுழையவிடாமல் திருப்புவதே புறவழிச்சாலையின் முதன்மைப் பயன். பாலராமபுரம், நெய்யாற்றின்கரையிலிருந்து நகருக்குச் செல்லும் அன்றாடப் பயணிகளின் எண்ணிக்கையை அது குறைப்பதில்லை.

ரயில் பாதை

திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரயில் பாதை 1979-இல் திறக்கப்பட்டது. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை நிலையங்கள் சாலைக்கு இணையாக அமைந்துள்ளன. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் நிலையங்களில் காத்திருந்தே கடக்க வேண்டும். எனவே நெரிசல் நேரத்தில் கூடுதல் ரயில்களை இயக்குவது கடினம். சுமார் 87 கி.மீ. நீளமுள்ள இப்பாதையை இரட்டைப் பாதையாக்க 2015-16-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஜில் டுரான்டன், மேத்யூ டர்னர் ஆகியோர், சாலையின் நீளம் கூடும் விகிதத்திலேயே வாகன ஓட்டமும் கூடுவதாக 2011-இல் வெளியிட்ட ஆய்வில் தெரிவித்தனர். புதிய இடம் புதிய வாகனங்களை ஈர்க்கிறது என்பதே இதன் பொருள். பொதுப் போக்குவரத்தை விரிவாக்கினாலும் மொத்த வாகன ஓட்டம் குறைவதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அதே ஆய்வு கூறியது.

ஆனால், 2003-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த போக்குவரத்து ஊழியர் வேலைநிறுத்தத்தை ஆராய்ந்த மைக்கேல் ஆண்டர்சன், அக்காலத்தில் விரைவுச்சாலைகளில் சராசரித் தாமதம் 47 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டறிந்தார். நெரிசல் மிகுந்த வழித்தடத்தில் ரயிலும் பேருந்தும் இல்லாவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும் என்பதை இது காட்டுகிறது.

ஒரு பாதையின் கொள்ளளவிலும் வேறுபாடு பெரிது. தனி வாகனங்கள் ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு 600 முதல் 1,600 பேரும், பேருந்துக்கென ஒதுக்கிய தடத்தில் 4,000 முதல் 8,000 பேரும் செல்லலாம் என்பது அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கத்தின் கணக்கு.

அம்பூரிக்கு என்ன பயன்?

மலையோரக் கிராமமான அம்பூரிக்கு ரயில் இல்லை. காசர்கோடு மாவட்டத்தின் நந்தாரப்பதவு முதல் பாறசாலை வரையிலான மலையோர நெடுஞ்சாலை இப்பகுதிக்குச் சாலை வசதியை மேம்படுத்துகிறது. இத்தகைய இடங்களில் நல்ல சாலை இல்லாமல் பேருந்தும் ஓடாது. அதேவேளை, நெய்யாற்றின்கரை அல்லது பாறசாலை ரயில் நேரத்துக்கு ஏற்ப இணைப்புப் பேருந்து இல்லையெனில், இரட்டைப் பாதை வந்தாலும் கிராமத்தினர் இருசக்கர வாகனத்தையே நாடுவர்.

ஆகவே, குறுகிய சந்திப்புகளையும் விபத்து அபாயமுள்ள இடங்களையும் சீரமைக்கச் சாலைப் பணி தேவை. நகருக்கு நாள்தோறும் செல்லும் கூட்டத்தைச் சுமக்க ரயிலும் பேருந்தும் தேவை. விரிவாக்கிய நான்கு வழிச்சாலையில் பேருந்துக்கு முன்னுரிமை அளிக்கப்படாவிட்டால், கடைகளையும் வீடுகளையும் இழந்து பெற்ற இடம் சில ஆண்டுகளில் மீண்டும் வாகனங்களால் நிரம்பக்கூடும்.