காவிரிப் படுகைப் பட்டதாரிகளும் முதலீட்டு வங்கித் தொழிலும்

நிறுவனங்களுக்குப் பங்கு வெளியீட்டின் மூலம் மூலதனம் திரட்டித் தருவதும், ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது விலை மதித்துப் பேரத்தை முடித்துவைப்பதும் முதலீட்டு வங்கித் தொழில். வைப்பு வாங்கிக் கடன் கொடுக்கும் சாதாரண வங்கி வேலை வேறு. இத்தொழிலில் பெயர்பெற்ற நிறுவனங்கள் ஆளெடுக்க முதலில் போவது அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐ.ஐ.எம்.களுக்கு. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிக் கல்லூரிகளின் படியை அவை மிதிப்பது அரிது. ஆயினும் பணத்தொழிலில் பக்கவாசலால் நுழைவது இவ்வட்டாரத்துக்குப் பழைய பழக்கம்.

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் பள்ளியாகத் தொடங்கியது. டபிள்யூ. ஏ. போர்ட்டர் முதல்வராக இருந்து வளர்த்த அதற்குத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்ற பெயர் வந்தது. அது பொருத்தமான பெயரே. அங்கே படித்தவர்கள் வக்கீலானார்கள், தாசில்தாரானார்கள். வங்கியில் மட்டும் உயர்பதவி எட்டவில்லை. 1843இல் தோன்றிய மதராஸ் வங்கியில் அதிகாரிகள் ஐரோப்பியர். நம்மவருக்குப் பேரேடும் பணப்பெட்டியும்தான். இக்கல்லூரியில் உதவித்தொகையை இழந்த சீனிவாச ராமானுஜனுக்கே 1912இல் கிடைத்தது, சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் கணக்குக் குமாஸ்தா வேலை.

கதவு திறக்காத இடத்தில் இவ்வூரார் தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். மிராசுதாரின் பணம் அதுவரை நிலத்திலும் நகையிலும் புரோநோட்டிலும் முடங்கிக் கிடந்தது. 1901இல் தஞ்சாவூரில் தஞ்சாவூர் வங்கி எழுந்தது. 1904 அக்டோபர் 31இல் கும்பகோணம் பிரமுகர்கள் இருபது பேர் சேர்ந்து கும்பகோணம் வங்கியைப் பதிவு செய்தனர். ஆர். சந்தானம் ஐயர், எஸ். கிருஷ்ண ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயங்கார், டி. எஸ். ராகவாச்சாரியார் ஆகியோர் அவர்களில் முன்நின்றவர்கள். வங்கி அவசரப்படவில்லை, மன்னார்குடியில் முதல் கிளை திறக்க 1930 ஆயிற்று. 1965இல் சிட்டி ஃபார்வர்டு, யூனியன் வங்கிகளைச் சேர்த்துக்கொண்டது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி இதுவே. தலைமையகம் இன்றும் கும்பகோணத்தில்தான்.

1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போயிற்று. இந்தியன் வங்கிக்கு வித்து அந்த வீழ்ச்சியே. முன்னின்றவர் திருவிடைமருதூரில் பிறந்த வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1907 ஆகஸ்ட் 15இல் வங்கி வேலையைத் தொடங்கியது. மூலதனம் திரட்டுவதே முதலீட்டு வங்கியாளர் வேலை என்றால், படுகை தந்த முதலீட்டு வங்கியாளர்களில் இவரும் ஒருவர் எனலாம். முன்சொன்ன தஞ்சாவூர் வங்கியும் 1990இல் தன் 157 கிளைகளோடு இந்தியன் வங்கியில் கலந்தது.

1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானபின் போட்டித் தேர்வு பெரிய வாசலாயிற்று. விடைத்தாள் கல்லூரியின் பெயரைக் கேட்பதில்லை. ஆனால் அது கொண்டுசேர்த்தது கிளை மேலாளர் நாற்காலியில். முதலீட்டு வங்கித் தொழிலுக்கு அன்றைய பெயரான, 1967இல் கிரிண்ட்லேஸ் வங்கி இந்தியாவில் தொடங்கிவைத்த 'மெர்ச்சன்ட் பேங்கிங்' பக்கம் போனவர் சிலரே.

இன்னொரு வழி சி.ஏ. படிப்பு. அதற்கு ஆடிட்டரிடம் ஆர்டிகிள்ஷிப் பயிற்சி கட்டாயம்; முன்பு மூன்றாண்டு, 2023இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாண்டு. படுகையில் பயிற்சிக்குப் போகும் பையன் முதலில் பார்ப்பது பெரும்பாலும் அரிசி ஆலைக் கணக்கு. அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலை, 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி தரவேண்டும் என்பது அரசு அளவு. பேரேட்டில் அது சரியாகத்தான் இருக்கும். மின் கட்டண ரசீதையும் சாக்கு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்து, இவ்வளவு மின்சாரத்துக்கு இவ்வளவு நெல் அரைபட்டிருக்குமா என்று பார்க்கும்போதுதான் கணக்கு வாய் திறக்கும். தவிட்டையும் குருணையையும் விற்ற பணம் எங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வி. கம்பெனியை வாங்குமுன் அதன் கணக்கைத் தோண்டிப் பார்க்கும் வேலைக்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை. மும்பையில் அதற்குப் பெயர்தான் வேறு.

தற்போது தஞ்சாவூரை அடுத்த சாஸ்த்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகம், 2011இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளி ஐ.ஐ.எம்., நிதிப் பகுப்பாய்வாளருக்கான சி.எஃப்.ஏ. தேர்வு, சென்னையிலுள்ள பன்னாட்டு வங்கிகளின் பணியகங்கள் ஆகியவை வழியாகவும் சிலர் இத்துறைக்குச் செல்கின்றனர்.